புதுப்பிப்பு: வெசலா, யாரிஸ் க்ரொஸா?

2025 பெப்ரவரியில் இலங்கையில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்ததும், ஹொண்டா வெசல், டொயோட்டா யாரிஸ் க்ரொஸ் ஆகிய இரு ஹைபிரிட் (பெற்றோல் இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்த) கார்களில் எதை வாங்கலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பொறுமையுடன் பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நாங்கள் யாரிஸ் க்ரொஸை வாங்கிவிட்டோம்.

கல்லடியிலிருந்து கல்முனைக்குத் தினமும் போய்வரும்போது, ஊர்களுக்குள் மெதுவாக நகரும் இடங்களில் இயந்திரம் அணைந்து மின்மோட்டாரே வாகனத்தை இழுப்பதாலும், பிரேக் பிடிக்கையில் வீணாகும் ஆற்றலின் ஒரு பகுதி மின்கலத்துக்குத் திரும்புவதாலும், பெற்றோல் சேமிப்பு தெளிவாகவே தெரிகிறது. மகியங்கனையைத் தாண்டிக் கண்டி மலையில் ஏறும்போது அந்த நன்மை குறைவதோடு, மூன்று சிலிண்டர் இயந்திரத்தின் இரைச்சலும் உள்ளே நன்றாகக் கேட்கிறது.

பின் இருக்கை ஒடுக்கம் என்று எச்சரித்தவர்கள் சொன்னது சரி. அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் இது எனக்கு உண்மையான கவலை.

வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மின்கலம் பின் இருக்கைக்குக் கீழே இருப்பதால், அதைக் குளிர்விக்கும் காற்றுத் துளையைப் பைகளால் மறைக்கக் கூடாது. நம் மட்டக்களப்பு வெயிலில் இது மிக முக்கியம். மாரி வெள்ளத்துக்குள்ளும் இந்த வாகனத்தை இறக்க மாட்டேன்.