நிற்கப்போகும் நொடியில் நழுவும் பிரேக்: பழைய பிக்கப்பில் ஏபிஎஸ் கோளாறு, எங்கள் அனுபவங்கள்

மிஷிகன், லான்சிங் அருகிலிருந்து

என்னிடம் இருப்பது 2001ஆம் ஆண்டு மாடல் பிக்கப். 1,90,000 மைல் ஓடிவிட்டது. இரண்டு குளிர்காலங்களாக அதன் பிரேக் என்னைக் கவலையில் ஆழ்த்தியிருந்தது. நெடுஞ்சாலையில் எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் ஒழுங்காக வேகம் குறையும் வண்டி, சிக்னலை நெருங்கி, மணிக்குப் பத்து மைலுக்குக் கீழே இறங்கி, இனி நின்றுவிடும் என்று நினைக்கும் நொடியில், பெடல் காலுக்கடியில் தடதடவென்று அதிர, கீழேயிருந்து ஒரு மோட்டார் உறும, நிற்காமல் மேலும் ஐந்தாறு அடி முன்னே நகர்ந்துவிடும். சாலை காய்ந்தே இருக்கும். டயர் வழுக்க எந்தக் காரணமும் இராது. டேஷ்போர்டில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியாது. ஒருநாள் காலை, பள்ளிக்கு முன்னால் பாதசாரிகள் கடக்கும் கோட்டைத் தாண்டிப்போய் வண்டி நின்றபோது, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு முதியவர் பின்வாங்கினார். இதை இனி ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

உடன் வேலை செய்யும் ஒருவர் சொன்ன வழி எளிமையானது: ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, அதன் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவது. பிடுங்கினேன். அதிர்வு அன்றே நின்றது. ஒரு சோதனை என்ற அளவில் இது மிகவும் பயனுள்ளது. ஏனென்றால் கோளாறு கேலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் போன்ற வழக்கமான பிரேக் பாகங்களில் இல்லை, ஏபிஎஸ் தேவையில்லாத நேரத்தில் வேலை செய்வதுதான் காரணம் என்பது ஐந்து நிமிடத்தில் உறுதியாகிவிட்டது. ஆனால் நான் அதோடு நிறுத்தாமல் மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன். அது தவறு.

ஃபியூஸை எடுத்ததும் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்ததன் பொருளை நான் யோசித்திருக்க வேண்டும். பின் சக்கரங்களுக்குப் போகும் அழுத்தத்தை அளவோடு மட்டுப்படுத்த, இன்னும் பழைய வண்டிகளில் தனியாக ஒரு வால்வு இருக்கும். என் மாடலில் அந்த வேலையையும் ஏபிஎஸ் கம்ப்யூட்டரே செய்கிறது. ஆகவே ஃபியூஸ் போனால் ஏபிஎஸ் மட்டும் போவதில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பிரேக் சமநிலையும் போய்விடுகிறது. ஒரு மழை நாளில், பின் தொட்டியில் ஒன்றுமே ஏற்றாமல் வரும்போது சற்று வேகமாகப் பிரேக் பிடித்தேன். பின் சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொண்டு, வண்டியின் பின்புறம் பக்கத்துத் தடத்துக்குள் திரும்பியது. அந்தத் தடத்தில் யாரும் வராததால் தப்பினேன். சுமை இல்லாத பிக்கப்பின் பின்புறம் எவ்வளவு லேசானது என்பதை வடிவமைப்பாளர்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள். 1987 மாடல் ஆண்டில் ஃபோர்டு எஃப் வரிசை பிக்கப்புகளுக்கு ஏபிஎஸ் வந்தபோது, அது பின் சக்கரங்களுக்கு மட்டுமே கொடுக்கப்பட்டது.

அன்று மாலையே ஃபியூஸைத் திரும்பப் போட்டுவிட்டு, மூல காரணத்தைத் தேடினேன். ஒரு ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டர் யூனிட்டையே மாற்றச் சொன்னார்கள். பதிவான கோளாறுக் குறியீடு ஒன்றுகூட இல்லாதபோது அதற்கு நான் உடன்படவில்லை. சக்கர வேகத்தை ஓடும்போதே காட்டும் ஸ்கேனர் ஒன்றை இரவல் வாங்கி, காலியாகக் கிடந்த ஒரு வாகன நிறுத்துமிடத்தில், நண்பர் திரையைப் பார்க்க, நான் மிக மெதுவாக ஓட்டி வண்டியைத் தானாக நிற்கவிட்டேன். வலது முன் சக்கரத்தின் எண் ஏறக்குறைய நிற்கும் வரை தெரிந்தது. இடது முன் சக்கரத்தின் எண்ணோ மணிக்கு ஆறு மைல் வேகத்திலேயே பூஜ்ஜியத்துக்கு விழுந்தது. கம்ப்யூட்டரின் பார்வையில் அந்தச் சக்கரம் பூட்டிக்கொண்டுவிட்டது. அதனால் அது பிரேக் அழுத்தத்தைத் தளர்த்துகிறது.

ஸ்கேனர் இல்லாதவர்கள் சாதாரண மல்டிமீட்டரிலேயே இதைப் பார்க்கலாம். வண்டியை ஜாக்கில் தூக்கி, கட்டாயமாக ஸ்டாண்டு கொடுத்து, சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரின் இணைப்பைக் கழற்றி, முதலில் மின்தடையை அளக்க வேண்டும். என் வண்டியில் இரு பக்கமும் ஏறத்தாழ 1,000 ஓம் காட்டின. எனவே சென்சாருக்குள்ளே இருக்கும் கம்பிச்சுருள் அறுந்துபோகவில்லை. பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, நொடிக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் சக்கரத்தைக் கையால் சுழற்றினேன். குறைந்தது 0.35 வோல்ட் வர வேண்டிய இடத்தில், வலப்பக்கம் 0.6 வந்தது, இடப்பக்கம் 0.18தான் வந்தது.

இந்த வகைச் சென்சாரில் ஒரு காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச்சுருளும் மட்டுமே உண்டு. சக்கரத்தின் மையப்பகுதியான ஹப்பில் இருக்கும் பல்வளையம் அதன் முனைக்கு மிக அருகில் சுழலும்போது மின்னழுத்தம் பிறக்கிறது. சக்கரம் மெதுவாகச் சுழன்றால் மின்னழுத்தமும் குறையும். சென்சார் உட்காரும் இரும்புப் பரப்பில் துரு பிடித்துப் பருக்கும்போது அது சென்சாரை மெல்ல மேலே தூக்கிவிடுகிறது. இடைவெளி கூடிவிட்டால் அதிவேகத்தில் சிக்னல் போதுமானதாகவே இருக்கும், குறைந்த வேகத்தில் மட்டும் அறுந்துவிடும். கோளாறு கடைசி நொடியில் மட்டும் தலைகாட்டியதற்கும், விளக்கு எரியாததற்கும் இதுவே விளக்கம். எங்கள் மாநிலச் சாலைகளில் குளிர்காலம் முழுதும் உப்பு கொட்டுகிறார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே சுமார் 1,200 அடி ஆழத்தில் ஒரு பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. இங்கே துருப்பிடிக்காத வண்டியை நான் பார்த்ததில்லை.

கேலிப்பரையும் பிரேக் டிஸ்க்கையும் கழற்றினால், ஒரே போல்ட்டில் நிற்கும் சென்சார் தெரியும். அதை நெம்பி எடுக்க முயன்றால் பிளாஸ்டிக் உடைந்து பாதி உள்ளேயே தங்கிவிடும். துரு இளக்கும் எண்ணெயை இரவு முழுக்க ஊறவிட்டு, இப்படியும் அப்படியும் சிறிது சிறிதாகத் திருகி எடுத்தேன். அடியில் நகத்தின் கனத்துக்குத் துருப் படலம் பெயர்ந்து வந்தது. துவாரத்துக்குள் துருத்தூள் விழாதபடி துணியை அடைத்துக்கொண்டு, உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடும் வரை தேய்த்து, துத்தநாகப் பூச்சு அடித்து, மெல்லிய கிரீஸ் தடவி, புது ரப்பர் வளையத்தோடு சென்சாரைப் பொருத்தினேன். மீட்டர் 0.55 காட்டியது. அதே நிறுத்துமிடத்தில் பத்துப் பன்னிரண்டு முறை நிறுத்திப் பார்த்தேன்; ஒருமுறைகூட அதிரவில்லை.

ஒஹாயோ, கொலம்பஸிலிருந்து

என்னுடையது தொண்ணூறுகளின் நடுப்பகுதியைச் சேர்ந்த பிக்கப். ஏபிஎஸ் பின் சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. அதற்குச் சக்கரந்தோறும் சென்சார் கிடையாது, பின் அச்சின் நடுவே இருக்கும் கியர் தொகுதியான டிஃபரன்ஷியல் மேல் ஒன்றே ஒன்றுதான். ஏபிஎஸ் விளக்கு எரிந்த அதே வாரத்தில் ஸ்பீடோமீட்டர் முள்ளும் துள்ளத் தொடங்கியது. இரண்டும் தனித்தனிக் கோளாறுகள் என்று எண்ணி நான் ஒரு மாதம் வீணாக அலைந்தேன். உண்மையில் அந்த வண்டியில் ஸ்பீடோமீட்டரும் அதே சென்சாரிடமிருந்துதான் வேகத்தைப் படிக்கிறது. சோதனை இணைப்பின் வயரை எர்த்தோடு ஒருமுறை தொட்டு எடுத்தபோது விளக்கு ஆறு முறை சிமிட்டியது. சென்சார் சிக்னல் சீராக இல்லை என்பது அதன் பொருள். ஒரு போல்ட்டைக் கழற்றிச் சென்சாரை வெளியே எடுத்துப் பார்த்தால், அதன் காந்த முனையில் இரும்புத் தூள் கியர் ஆயிலோடு குழைந்து அப்பியிருந்தது. துடைத்து மாட்டியதும் விளக்கும் முள்ளும் சரியாகிவிட்டன. ஆயினும் அவ்வளவு தூள் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்ப்பது அவசியம்; டிஃபரன்ஷியலைத் திறந்தபோது ஒரு பேரிங் தேயத் தொடங்கியிருந்தது.

ஆல்பர்ட்டா, கிராண்ட் பிரெய்ரியிலிருந்து

ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்குவதற்குப் பதிலாக ஸ்விட்ச் வைத்த என் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் வேலைத்தளத்துக்குப் போகும் வழி முழுவதும் சரளைச் சாலை. அங்கே பூட்டிக்கொண்ட சக்கரம் தனக்கு முன்னால் கற்களைக் குவித்து அதிலேயே தடைபட்டு நிற்கும். ஏபிஎஸ் அதைப் பூட்டவிடாததால் நிற்கும் தூரம் கூடுகிறது. இது உண்மைதான், நானே பலமுறை உணர்ந்திருக்கிறேன். அதனால் சரளையில் அணைத்து, தார்ச்சாலையில் போட்டுக்கொள்ள ஒரு ஸ்விட்ச் பொருத்தினேன். ஒரு டிசம்பர் மாலை தார்ச்சாலைக்கு ஏறிய பிறகு அதைப் போட மறந்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத பனிப்படலத்தில் முன் சக்கரங்கள் பூட்டிக்கொள்ள, ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பியும் வண்டி நேராகவே சென்று பள்ளத்தில் இறங்கியது. காயம் ஏதும் இல்லை. அந்த வாரமே ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டேன். இப்போது சரளையில் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. லான்சிங் நண்பரிடம் ஒரு கேள்வி: ஒருமுறை துருவைச் சுரண்டிவிட்டால் எவ்வளவு காலம் தாங்குகிறது?

மிஷிகன், லான்சிங் அருகிலிருந்து

என் இடது சக்கரம் இரண்டு குளிர்காலங்களைத் தாண்டிவிட்டது. அதுவரை நன்றாக இருந்த வலது சக்கரத்துக்கு அடுத்த ஆண்டே அதே வேலையைச் செய்ய நேர்ந்தது. ஒரு பக்கம் துருப்பிடித்தால் மறுபக்கமும் பின்தொடரும் என்று எடுத்துக்கொள்வது நல்லது. இப்போது ஒவ்வொரு அக்டோபரிலும், சாலையில் உப்பு விழுவதற்கு முன்பாக, இரு பக்கமும் மீட்டரில் அளந்து, ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதி வைக்கிறேன். கடைசியாக எழுதியவை இடது 0.52, வலது 0.57. 0.4க்குக் கீழே எது இறங்கினாலும், அதிர்வு வரும்வரை காத்திராமல் சென்சாரைக் கழற்றிவிடுவேன்.