மறு: ஹுக் – கொக்கியா, தூண்டிலா, பிடியா?

அனைவருக்கும் வணக்கம்.

‘ஹுக்’ என்பதற்குத் தமிழில் என்ன வைப்பது என்று நடக்கிற இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு பேசாமல்தான் இருந்தேன். நேற்று இரவு நம் ஆட்டத்தின் தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறந்தபோது ‘கொக்கி தயாரி’ என்று ஒரு பொத்தான் கண்ணில் பட்டது. அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவருக்கு அந்தப் பொத்தான் சரி. நாம் மொழிபெயர்க்கிற கணினி ஆட்டமான கிரூசேடர் கிங்ஸ் 3-இல் அந்த வேலை வேறு. ஒருவர் மேல் இல்லாததைப் புனைந்து, அதைக் காட்டியே அவரை நம் சொல்லுக்கு ஆட வைப்பது அது.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி. 2020-இல் வந்த இந்த ஆட்டத்தில் படையைவிட அரண்மனைக்குள் நடப்பதுதான் பெரிது. ஒற்றரை அனுப்பி ஒருவரின் மறைவான குற்றத்தைத் தெரிந்துகொண்டு மிரட்டினால், அவர் மேல் நமக்கு ஒரு ‘ஹுக்’ கிடைக்கும். அதை வைத்து வரியைக் கூட்டலாம், மறுக்கிற திருமணத்துக்குத் தலையாட்ட வைக்கலாம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒருமுறை பயன்படுத்தியதும் தீர்ந்துபோகும். மற்றது தீராது, சில காலம் பொறுத்து மறுபடி பயன்படுத்தலாம்.

இழையில் ஒருவர் கேட்டது: நிரலாக்கத்தில் ஹுக் என்றால் கொக்கி என்று வைத்தாயிற்று. ஒரு சொல்லுக்கு ஒரே தமிழ் என்பதுதானே நம் வழக்கம்?

ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்பதுதான் வழக்கம். ஆங்கிலத்தில் இரண்டு பொருளுக்கு ஒரே சொல் வாய்த்தது அவர்கள் கதை. அது மட்டுமில்லை, நம் ஊரில் ‘கொக்கி போட்டான்’ என்றால் தெருக்கம்பியிலிருந்து திருட்டுக் கரண்ட் எடுத்தான் என்று பொருள். ‘பாண்டிய இளவரசர் மேல் கொக்கி போட்டீர்கள்’ என்று படித்துவிட்டு யாராவது சிரிக்காமல் இருந்தால் சொல்லுங்கள்.

சித்தூர் அண்ணன் (ஆந்திரச் சித்தூர் அல்ல, நம்ம பாலக்காட்டுச் சித்தூர்) மலையாளத்தில் இருக்கிற ‘கொளுத்து’ இங்கேயும் எடுபடும் என்றார். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு எடுபடும் அண்ணா. பொள்ளாச்சியில் ஒருவர் ‘கொளுத்து’ என்ற பொத்தானைப் பார்த்தால் எதிரியின் கோட்டைக்குத் தீ வைப்பதாக நினைத்துத்தான் அழுத்துவார்.

ஒற்றர் என்ற சொல்லிலும் இதே வம்பு இருக்கிறது. நமக்கு ஒற்றன் என்றால் வேவு பார்ப்பவன். மலையாளத்தில் ஒற்றுகாரன் என்றால் காட்டிக்கொடுத்தவன், யூதாஸ் வகையறா. வேவு பார்ப்பவனுக்கு அவர்களிடம் சாரன் என்று தனிச்சொல். நாம் சாரணர் என்றதும் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். என் அக்கா மகன் மலையாள மீடியத்தில் படிக்கிறவன். கோப்பில் ‘ஒற்றர் தலைவர்’ என்று பார்த்ததும், “துரோகிகளுக்கு ஒரு மந்திரியா மாமா?” என்று கேட்டான். அவனுக்காக அந்தச் சொல்லை மாற்ற வேண்டாம். திருக்குறளில் ‘ஒற்றாடல்’ என்று ஒரு அதிகாரமே இருக்கிறது.

ஓணம் லீவுக்கு அவன் கொழிஞ்சாம்பாறைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். 1066-ஆம் ஆண்டிலிருந்து தொடங்கும் ஆட்டத்தில் சோழ அரசனாக ஆடிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கீழே இருந்த ஒரு சிற்றரசன் எதிரணியில் சேரப் பார்த்தான். இவன் படை திரட்டவில்லை. ஒற்றர் தலைவரை அந்த ஆளின் அரண்மனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தான். ஆட்டத்தில் சில மாதம், எங்கள் வீட்டில் ஒரு தட்டு நேந்திரன் சிப்ஸ். கடைசியில் சேதி வந்தது: சிற்றரசன் தன் சொந்த அண்ணனைக் கொன்றவன். மிரட்டல் ஓலை போனது. “மாமா, அந்தாளு குடுமி இப்ப நம்ம கையில” என்றான் பையன். அன்று ராத்திரியே அவனுக்கு வரியைக் கூட்டிவிட்டான்.

அங்கேதான் எனக்குச் சொல் கிடைத்தது. குடுமியையே வைக்கலாம் என்று சொல்ல வரவில்லை. பைசாந்தியப் பேரரசிக்கும் அரபு அமீருக்கும் குடுமி எங்கே இருக்கிறது? ஆனால் அந்த வழக்கில் குடுமி தலையோடு போனாலும் பிடி நம் கையில் நிற்கிறது. ‘அவர் மீது உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது.’ இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மலையாளத்திலும் பிடி பிடிதான்.

இலக்கணத்திலும் ஒரு வசதி. ஆட்டம் பெயரைத் தானாக நிரப்புகிறது, உருபை நாம் வெளியே ஒட்டுகிறோம். ‘தூண்டில்’ என்று வைத்தால் யாரைத் தூண்டிலில் மாட்டினோம் என்று எழுத ‘ஐ’ வேண்டும். விக்கிரமன் விக்கிரமனை ஆவார், ராஜா ராஜாவை ஆவார். நிரலுக்கு இது தெரியாது, ‘ராஜாஐ’ என்று காட்டும். போன மாதம் முழுக்க இந்த ‘ஐ’-யோடுதான் மல்லுக்கட்டினோம். ‘மீது’ என்பதைப் பெயரைத் தொடாமல் பக்கத்தில் நிறுத்தலாம்: விக்கிரமன் மீது பிடி, ராஜா மீது பிடி.

இனி இரண்டு வகைக்கும் பெயர். குமுளி அக்கா வன்பிடி, மென்பிடி என்றார். வன்பொருள், மென்பொருள் மாதிரி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்கா, பிடி என்றால் பெண்யானை. மென்பிடி என்றதும் பழைய பாட்டு படித்தவர்களுக்குக் களிறும் கூடவே வந்துவிடும். அதுவும் வாளையாறு பக்கம் யானை தண்டவாளத்தைக் கடக்கும் கதையைத் தினம் கேட்கிற எங்களுக்கு அந்தச் சொல்லை வேறு மாதிரி படிக்கவே வராது. மெலிவு, வலிவு என்பதும் அவ்வளவு பொருத்தமில்லை. ஒன்று ஒருமுறையில் நழுவிப்போகிறது, மற்றது விடுவதில்லை. அதனால் என் பரிந்துரை: தளர்பிடி, உடும்புப்பிடி. இரண்டாவதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பீர்கள், தெரியும். நம்மிடம் உடும்புப்பிடி தயாராக இருக்கும்போது ‘நிலையான வலுப்பிடி’ என்று எதற்குச் செய்ய வேண்டும்? ‘கொக்கி தயாரி’ இருந்த இடத்தில் ‘பொய்ப்பிடி புனை’. பொத்தானுக்குள் அடங்குகிறது, பார்த்துவிட்டேன்.

ஆட்டத்தில் ஒருவரைக் குறிவைத்து நாள்பட நடத்துகிற வேலையான ‘ஸ்கீம்’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சதி என்று வைத்தால் ஒருவரிடம் நல்ல பெயர் வாங்குவதும் சதியாகிவிடும். ஆட்டத்தில் அதுவும் ஸ்கீம்தான். திட்டம் என்றால் ‘கொலைத் திட்டம்’ ஏதோ முதியோர் உதவித்தொகை மாதிரி ஒலிக்கிறது. சூழ்ச்சி இருக்கட்டும். கூடிக் கலந்து முடிவெடுப்பது என்ற நல்ல பொருளில் குறளே அதை ஆண்டிருக்கிறது. கொலையிலும் கடத்தலிலும் நம்மோடு சேர்கிற ‘ஏஜென்ட்’டுக்குக் கையாள் வேண்டாம், உடந்தை என்போம். கையாள் நாம் கூலி கொடுத்து வைத்தவன். இவர்களில் பலர் எதிரியின் வீட்டுக்குள்ளேயே சாப்பிட்டுக்கொண்டு நமக்கு உதவுகிறவர்கள்.

ஒரு குறை மட்டும் மொழிபெயர்ப்பால் தீராது. ஒற்றர் ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆள வேண்டும், மூவர் சொல்வது ஒத்தால்தான் நம்ப வேண்டும் என்கிறார் வள்ளுவர். இந்த ஆட்டமோ அவையில் ஒரே ஒரு ஒற்றர் தலைவரைத்தான் தருகிறது. அவருக்கே நம்மைப் பிடிக்காமல் போனால் அவரை வேவு பார்க்க ஆள் இல்லை. என் மூன்று அரசர்கள் அப்படித்தான் போனார்கள்.

சூழ்ச்சிக் கோப்பில் ‘பிடி’ வருகிற வரிகளை இன்றே மாற்றி அனுப்புகிறேன். ‘சீக்ரெட்’டை ஞாயிறு வரை தொடவில்லை, மறையா கமுக்கமா என்று நீங்களே பேசி முடியுங்கள். மறை என்றால் வேதம் என்று யாராவது வருவீர்கள், அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து