குறுந்தொகை 40-ஆம் பாட்டுக்குத் தந்தி இசை: நான்காம் அடியில் தடுமாறுகிறேன்

யீஷூன்வாசி:
‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ என்று தொடங்கும் குறுந்தொகைப் பாட்டை, பாடகர் எவருமின்றி, இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ ஆகியவற்றுக்காக ஏறத்தாழ 7 நிமிட இசையாக எழுதிவருகிறேன். வாசிக்கப்போகும் நால்வருக்கும் தமிழ் தெரியாது. ‘செம்புலப் பெயல்நீர்’ (செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர்) வருமிடத்தில் தந்திகளை விரலால் மீட்டச் சொல்லி மழையைக் காட்டினேன். ஒத்திகையில் அது தொலைக்காட்சித் தொடரின் பின்னணி போல ஒலித்தது. சொல்லில்லாத இசையில் கவிதையை எப்படித் தங்கவைப்பது?

வயோலாக்காரர்:
மழையை விடுங்கள். பாட்டின் முதல் மூன்று அடிகளும் கேள்விகள்தாம். ‘யாயும், ஞாயும்’, ‘எந்தையும், நுந்தையும்’ என்ற இணைகளில் முதலெழுத்து மட்டுமே மாறுகிறது. அதுபோல முதல் சுரம் மட்டும் மாறிய ஒரே இசைத்தொடரை வயலினுக்கும் செல்லோவுக்கும் கொடுத்துப் பாருங்கள். ஜெர்மானியக் கவிஞர் ரிச்சர்ட் டேமலின் கவிதையைக் கொண்டு இசையமைப்பாளர் ஷோன்பெர்க் 1899-இல் ஆறு தந்திக் கருவிகளுக்கு எழுதியபோதும் ஒரு சொல்கூடப் பாடப்படவில்லை. கவிதையின் ஐந்து பகுதிகளே இசையின் ஐந்து பகுதிகளாயின.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
இசை எனக்குத் தெரியாது, யாப்பு தெரியும். இது நேரிசை ஆசிரியப்பா என்பதால் மற்ற அடிகளுக்கு நான்கு சீர், ஈற்றயலடிக்கு, அதாவது கடைசிக்கு முந்தைய அடிக்கு மட்டும் மூன்று. அந்தக் குறைந்த அடிதான் தம்பி, நீங்கள் தடுமாறும் ‘செம்புலப் பெயல்நீர் போல’! வாய்விட்டுப் படித்தால் ‘போல’ என்றதும் குரல் ஒரு சீரளவு காத்து நிற்கும். அந்த இடத்தை நீங்கள் மழையால் நிரப்பிவிட்டீர்கள்.

யீஷூன்வாசி:
மிக்க நன்றி, ஐயா. நான்கு எண்ணிக்கையில் வந்த தாளத்தை அங்கே மூன்றில் நிறுத்தி, மீட்டல் முழுவதையும் நீக்கிவிட்டேன். நேற்றைய மழையில் எங்கள் புளோக்குக்கு எதிரே தோண்டிக் குவித்த செம்மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்; நீர் மேட்டைத் தொடும் இடத்தில் தெரிந்த விளிம்பு, இரண்டு முழம் தள்ளிக் காணவில்லை. ஆகவே ‘அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே’ என்ற ஐந்தாம் அடியில் வயலினைக் கீழ்த்தந்திக்கு இறக்கி, செல்லோவை மேல்தந்திக்கு ஏற்றி, இரண்டையும் ஒரே சுரத்தில் சேர்க்க எண்ணுகிறேன்.

வயோலாக்காரர்:
மேற்கத்திய சுரங்களில் நடு ‘சி’க்கு அடுத்த ‘டி’யைத் தேர்ந்தெடுங்கள். இருவருக்கும் கையை நகர்த்தாமலே சுண்டுவிரலில் விழும். விரலை அசைத்துச் சுரத்துக்குத் தரும் அதிர்வை மட்டும் இருவரும் குறைக்க வேண்டும்; இல்லாவிட்டால் எது யாருடைய ஒலி என்று காது கண்டுபிடித்துவிடும்.