சூடானதும் நீலம் மட்டும் கீழே இறங்குது: சிஆர்டி புரொஜெக்டர், உதவி வேணும்

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். அம்பாசமுத்திரத்தில் கூரையில் தொங்கும் பழைய 7 இஞ்ச் மூணு குழாய் புரொஜெக்டர் (சிவப்பு, பச்சை, நீலம்னு நிறத்துக்கு ஒரு சிஆர்டி படக்குழாய்), 8 அடி அகலத் திரை. அரை மணி நேரம் சூடாக விட்டு, நடுவில் இருக்கிற பச்சைக்கு ஃபோகஸும் ஜியோமெட்ரியும் (படத்தின் வடிவம்) முடிச்சு, அதன் மேல் சிவப்பையும் பிறகு நீலத்தையும் கட்டக்கோட்டில் பொருத்தியாச்சு. ஒரு மணி நேரம் மூணும் ஒரே வெள்ளைக் கோடாக நிற்குது. அப்புறம் வலது மேல் மூலையில் மட்டும் நீலம் ஒரு விரல்கடை கீழே இறங்கி, எழுத்துக்கு அடியில் நிழல் தட்டுது. செங்குத்துக் கன்வர்ஜென்ஸை (நிறங்களை ஒன்று மேல் ஒன்றாகப் பொருத்துற செட்டிங்) கடைசி எண் வரை ஏற்றினாலும் மேலே வரலை.

மெயினை அணைச்சு, நீலம் சிவப்பு கன்வர்ஜென்ஸ் காயில் (குழாய்க் கழுத்தில் கதிரை நகர்த்துற கம்பிச்சுருள்) பிளக்குகளை மாற்றிச் செருகினால் கோளாறு சிவப்புக்குப் போயிருது. அப்போ காயில் நல்லாத்தான் இருக்கு. பிளஸ், மைனஸ் சப்ளை ரெண்டும் சூட்டிலும் இறங்கலை. இறங்கினா மூணு நிறமும் ஆடணும்.

மிச்சம் இருப்பது நீலத்தின் அவுட்புட் ஐசி (காயிலுக்குக் கரண்ட் தர்ற சிப்), காயிலோடு தொடராக நிற்கும் சின்ன ஓம் ரெசிஸ்டர், இல்லைன்னா ட்ரை சால்டர் (சரியா ஒட்டாத ஈய இணைப்பு). எதை முதலில் பார்க்கணும்? ஃப்ரீஸ் ஸ்ப்ரே (பாகத்தைச் சட்டுனு குளிர வைக்கிற ஸ்ப்ரே) அடிச்சு ஐசியைத் தனியாகப் பிடிச்சவங்க இருந்தா முறையைச் சொல்லுங்க. போலி ஐசி நிறைய நடமாடுறதால, பழைய போர்டில் கழற்றின அசல் ஐசி பாளையங்கோட்டை, நெல்லை ஜங்ஷன் பக்கம் எங்கே கிடைக்கும்னு தெரிஞ்சாலும் பெரிய உதவி.