போர்வெல்லை இன்னும் ஆழமாக இறக்குவதா, மழைநீரைக் கொண்டு கிணற்றை நிரப்புவதா? சென்னையில் உங்கள் அனுபவம் என்ன?

திருவான்மியூரிலிருந்து:

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்தச் சமயத்தில் எங்கள் குடியிருப்பின் போரில் வெறும் காற்றுதான் வந்தது. சங்கக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் இன்னும் கீழே இறக்கலாம் என்றார்கள். தடுத்தது யார் தெரியுமா, போர் போட வந்த பெரியவரே. "சார், இந்த மணல்ல இதுக்குக் கீழே போனா உப்புதான் வரும். அந்த மூலையில பலகை போட்டு மூடியிருக்கீங்களே, அந்தக் கிணத்தைத் தூர் வாருங்க" என்றார். கைக்கு வந்த வேலையை விட்டுவிட்டு இப்படிச் சொன்ன மனிதர் மேல் இன்றைக்கும் எனக்குப் பெரிய மரியாதை.

அவர் சொன்னது சரிதான். கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டுதான் இருக்கிறது. மேலே இருப்பதை அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு ஏறிவிடும். வடக்கே மீஞ்சூர் பக்கம் நகரத்துக்கும் ஆலைகளுக்கும் பல வருடம் இறைத்து இறைத்துக் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அதைச் சரிசெய்வது லேசான காரியம் இல்லை.

தூர் வாரினோம், புது உறை வளையங்கள் இறக்கினோம், மொட்டை மாடிக் குழாய்களையெல்லாம் ஒரு வடிகட்டும் தொட்டி வழியாகக் கிணற்றுக்குத் திருப்பினோம். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட குழாய்கள் அப்படியே இருந்தன, ஆனால் அவை போய்ச் சேரும் குழிதான் சேறு அடைத்துக் கிடந்தது. கணக்கு எளிதுதான். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, 1,000 சதுர அடி மாடியில் விழுவது ஏறத்தாழ 1,30,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி பத்துக்கும் மேல். அதில் கொஞ்சம் வீணானாலும் மிச்சம் பெரிது. இப்போது குளிக்க, துவைக்க எல்லாம் கிணற்றுத் தண்ணீர்தான், போரை அவசரத்துக்கு மட்டும் போடுகிறோம்.

வேளச்சேரியிலிருந்து:

அண்ணா, உங்களுக்கு மணல் என்பதால் மழைநீர் உடனே இறங்கிவிட்டது. எங்கள் தெருவில் மேலே களிமண், அதற்குக் கீழே பாறை. நாலடிக் குழி தோண்டி ஜல்லியும் மணலும் போட்டுக் கொடுத்தார் ஒருவர், ஐப்பசி மழையில் அது குளமாக நின்று கொசு வளர்ந்ததுதான் மிச்சம். பிறகு வந்த பிளம்பர் அக்கம்பக்கத்துக் கிணறுகளை எட்டிப் பார்த்து, எந்த ஆழத்தில் மண் மாறுகிறது என்று வீட்டுக்காரர்களிடம் விசாரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். களிமண்ணைத் தாண்டி, உளுத்த பாறை வரும்வரை உறைகிணறு இறக்கினோம். அந்த மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கவே இல்லை. பக்கத்து வீட்டைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள், முதலில் உங்கள் மண்ணைப் பாருங்கள். இன்னொன்று, தெருத் தண்ணீரைக் கிணற்றில் விடாதீர்கள், மழை வலுத்தால் சாக்கடையும் சேர்ந்துதான் ஓடுகிறது.

ஓஎம்ஆருக்கு (பழைய மாமல்லபுரம் சாலை) மேற்கே ஒரு கிராமத்திலிருந்து:

உங்களுக்கு வரும் தண்ணீர் லாரிகளை நிரப்புகிற ஊர்க்காரன் நான். நீங்கள் பேசுவதைப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது, ஆனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். அப்பா காலத்தில் எங்கள் கிணற்றில் கோடையிலும் மோட்டார் நிற்காமல் ஓடும், இரண்டு போகம் நெல். பக்கத்து நிலத்துக்காரர் லாரிக்குத் தண்ணீர் விற்க ஆரம்பித்தார், ராத்திரி பகல் இறைப்பு, கொஞ்ச வருடத்தில் எங்கள் கிணறு தரை தட்டிவிட்டது. அவரையும் முழுசாகக் குறை சொல்ல முடியவில்லை, நெல்லில் வராத காசு தண்ணீரில் வருகிறது. ஒருநாள் லாரி ஓட்டுகிற தம்பியை நிறுத்தி, எங்கே கொண்டு போகிறாய் என்று கேட்டேன். "பெரிய அடுக்குமாடிண்ணே, இன்னைக்கே இது நாலாவது நடை" என்றான்.

1987லேயே சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர் சட்டம் வந்துவிட்டது. பட்டியலில் உள்ள ஊர்களில் கிணறு வெட்டவும், லாரியில் தண்ணீர் கொண்டுபோகவும் அனுமதி வேண்டும். எங்கள் ரோட்டில் யாரும் வண்டியை நிறுத்திக் கேட்டு நான் பார்த்ததில்லை. நகரத்தில் ஒரு லாரி குறைந்தால் இங்கே ஒரு வயல் பிழைக்கும், தயவுசெய்து இதை உங்கள் சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள்.

திருவான்மியூரிலிருந்து, மறுபடியும்:

கட்டாயம் சொல்கிறேன் தம்பி. நீங்கள் எழுதியதை எங்கள் குழுவில் எல்லோருக்கும் காட்டினேன், மாடி வீட்டு அக்கா ஒருவர் உடனே கூப்பிட்டு, லாரிக்குப் பணம் கொடுக்கும்போது ஒரு தடவைகூட இதை நினைத்ததில்லை என்று வருத்தப்பட்டார். அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர் மீட்டர் வைக்கும் பேச்சை எடுக்கிறேன். ஒரே தொகையைப் பங்கு போட்டுக் கட்டும்வரை யாரும் குழாயை மூட மாட்டார்கள். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள், தலா 4.5 கோடி லிட்டர் தினசரித் திறன். குடியிருப்புகளில் கழிப்பறைக்கும் செடிகளுக்கும் சுத்திகரித்த நீரை விடலாமே. அப்படிச் செய்துவரும் குடியிருப்புக்காரர்கள் யாராவது இருந்தால் வாசனை, பராமரிப்புச் செலவு இரண்டையும் பற்றி எழுதுங்கள், எங்கள் ஆட்கள் கேட்பது அதைத்தான்.