ஆண்டு இல்லாத ஜோருரி படப்புத்தகம்: காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி
ஜப்பானியப் பொம்மலாட்டப் பாடநூல் (ஜோருரி ஷோஹோன்) ஒன்றின் ஸ்கேன் இருக்கிறது. படங்கள் உண்டு, பக்கத்துக்கு 16 வரி, கடைசித் தாள் இல்லை. சில படங்களில் செம்மஞ்சளும் பச்சையும் பூசியிருக்கிறது. விற்பவர் கான்ஏய் காலம், 1640க்கு முந்தியது என்கிறார். நம்பலாமா? ஒரு படம் எதிரெதிர்ப் பக்கங்களில் விரிகிறது, ஆனால் நடுவில் கோடுகள் சேரவில்லை. தாள் மாறிவிட்டதா?

பதில் 1
வரிகள் நெருக்கமாக இருப்பதால் பழையது என்று முடிவு கட்டாதீர்கள். ஜோருரிப் பாடகர் உஜி காகனோஜோவின் பாடநூல் இசைக்குறிகளோடு, பக்கத்துக்கு 8 வரியாக 1679இல் வந்தது. அது பாடிப் பழகுவோருக்கானது. நெருக்கி எழுதிய படப்பதிப்புகள் அதற்குப் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தன.

முதல் பக்கத்தில் பாடகர் பெயருக்கு மேலே 'தென்கா இச்சி' (உலகில் முதல்வர்) என்ற மூன்று எழுத்துகள் இருக்கின்றனவா? அந்தப் பட்டத்துக்கு 1682இல் தடை வந்தது. பட்டம் இருந்தால் அச்சுக்கான மரக்கட்டை அதற்கு முன் செதுக்கியது.

கடைசித் தாள் கிடைத்தாலும் அதிலுள்ள ஆண்டை அப்படியே ஏற்க வேண்டாம். கட்டை கைமாறும்போது பழைய பெயரையும் ஆண்டையும் வெட்டியெடுத்து, அங்கே புது மரத்துண்டு பொருத்திச் செதுக்குவார்கள். அந்த எழுத்து மட்டும் கூர்மையாக, மை அடர்த்தியாகத் தெரியும்.

பதில் 2
தாள் மாறவில்லை என்றே நினைக்கிறேன். தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, அச்சு வெளியே தெரிய மடித்து, திறந்த ஓரங்களை முதுகில் வைத்துத் தைப்பார்கள். ஆகவே விரித்த படத்தின் வலப்பாதி ஒரு தாளிலும் இடப்பாதி அடுத்த தாளிலும் இருக்கும். இரண்டும் வேறு வேறு கட்டை, கோடு கொஞ்சம் விலகுவது சகஜம். சந்தேகம் தீர மடிப்போரத்தில் உள்ள தாள் எண்களைப் பாருங்கள், வரிசை தவறாமல் இருந்தால் போதும்.

வேறு பிரதி கிடைத்தால் பக்கச் சட்டத்தின் (எழுத்தைச் சுற்றி அச்சான கோட்டின்) உயரத்தை அளந்து ஒப்பிடுங்கள். அச்சான தாளையே புதுக் கட்டையில் ஒட்டி மறுபடி செதுக்கும் வழக்கம் உண்டு (கபுசெபோரி). தாள் சுருங்குவதால் மறுபதிப்பின் சட்டம் சில மி.மீ. குறையும். ஸ்கேனில் அளவுகோல் இல்லையென்றால் இந்தச் சோதனை செய்ய வழியில்லை.

பதில் 3
வண்ணத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஈயச் செந்தூரம், பச்சை, மஞ்சள் ஆகியவற்றைத் தூரிகையால் அவசரமாகப் பூசிய தான்ரோக்குபோன் வகை கான்ஏய் காலத்தில் இருந்தது உண்மை. ஆனால் வெறும் படத்துக்குப் பின்னாளில் யார் வேண்டுமானாலும் பூசலாம். பூச்சி அரித்த ஓட்டையின் விளிம்புக்குள் வண்ணம் ஊறியிருந்தால் பூச்சு பிந்தியது.

ஒப்பிட ஒரு ஜோருரி நூல்: 'கோச்சி ஹோயின் கோதென்கி', 1685, எடோவில் (இன்றைய டோக்கியோ) அச்சானது. 1692இல் ஜப்பானை விட்டுப் போன ஜெர்மன் மருத்துவர் கெம்ஃபர் எடுத்துச் சென்ற பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. தெரிந்தவரை வேறு பிரதி இல்லை.

கேட்டவர்
பாடகர் பெயருக்கு மேலே மூன்று எழுத்து அளவுக்கு வெற்றிடம் இருக்கிறது.

பதில் 1
பட்டத்தைச் செதுக்கி எடுத்திருக்கிறார்கள். அப்படியானால் கட்டை பழையது, உங்கள் பிரதி பெரும்பாலும் 1682க்குப் பிறகு அடித்தது. விற்பவர் சொல்லும் காலம் கட்டைக்குப் பொருந்தலாம், இந்தத் தாளுக்குப் பொருந்தாது. விலையை அதை வைத்துப் பேசுங்கள்.