பத்து நிமிடம் யார் கணக்கில்? தனி கிளினிக் ஆலோசகரும் எழுத்து வேலையும்

ஒண்டிக்கட்டை (காலை 9:10)
நேற்று மலைக்கோட்டை ஐயா ஒரு பொன்மொழி உதிர்த்துவிட்டுப் போனார்: "தனியாக கிளினிக் நடத்தும் உளவியல் ஆலோசகருக்குத் தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் எழுத்து வேலை கிடையாது. அதற்கு மேல் ஆகிறது என்பவருக்கு வேலை தெரியவில்லை." படித்ததும் தூக்கம் போய்விட்டது.

கோவையில் ஒரு மாடி அறையில் தனியாளாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஆறு பேர் வருகிறார்கள். ஒவ்வொருவர் போன பிறகும் 10 நிமிடம் குறிப்பு. ஆறு பத்து அறுபது. உங்கள் அரை மணி அங்கேயே காலி. "மேடம், வெள்ளிக்கிழமையை சனிக்கிழமைக்கு மாற்ற முடியுமா?" என்ற வாட்ஸ்அப், ஜிபேயில் பணம் வந்ததா என்று தேடுவது, ஆபீசில் கொடுக்க ரசீது கேட்பவர், வராமலே போனவரிடம் பாதிக் கட்டணம் கேட்கும் தர்மசங்கடம், இதெல்லாம் பேய் வந்து செய்கிறதா?

மலைக்கோட்டை (காலை 10:53)
செஷன் 50 நிமிடம். மிச்சம் 10 நிமிடம் அந்த மணிக்குள்ளேயே இருக்கிறது. அதில் எழுதும் குறிப்பு சிகிச்சையின் பகுதி, எழுத்து வேலை அல்ல. 22 வருடமாகத் திருச்சியில் இப்படித்தான் நடத்துகிறேன். ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு, பீரோவில் பூட்டு, சாவி என்னிடம். கம்ப்யூட்டரும் கிடையாது, புலம்பலும் கிடையாது.

ராத்திரி டைப்பிஸ்ட் (காலை 11:20)
ஐயா, உங்களிடம் வருபவர்கள் 50 நிமிடத்தில் மணியடித்தது போல எழுந்து போகிறார்களா? என்னிடம் வருபவர்கள் வெளியே போய்ச் செருப்பு மாட்டும்போதுதான் "ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன் மேடம்" என்று ஆரம்பிப்பார்கள். வந்த விஷயமே அதுதான். அந்தப் பத்து நிமிடம் வாசற்படியிலேயே கரைந்துவிடும். குறிப்பெல்லாம் ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகுதான்.

மலைக்கோட்டை (காலை 11:54)
அது உங்கள் நேரக் கட்டுப்பாட்டின் குறை. 50 என்றால் 50. பத்து நிமிடம் சிகிச்சைக் கணக்கு. இதில் என்ன குழப்பம் என்று எனக்கு விளங்கவில்லை.

கணக்குப்பிள்ளை (பகல் 12:15)
நான் ஆலோசகர் இல்லை, நான்கைந்து ஆலோசகர்களுக்குக் கணக்குப் பார்ப்பவன். நீங்கள் நினைக்கும் அளவுக்கு வரி வேலை கிடையாது. ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவே வேண்டாம். தொழில்வல்லுநர்களுக்கான உத்தேச வருமான முறையில் (பழைய 1961 வருமான வரிச் சட்டத்தில் 44ஏடிஏ பிரிவு) போனால் வரவில் பாதியை வருமானமாகக் காட்டிவிட்டுப் போகலாம், பேரேடு எழுத வேண்டாம். ஆனால் சொந்தச் செலவுக்கும் கிளினிக்குக்கும் ஒரே வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டு மார்ச்சில் என்னிடம் வந்து அழாதீர்கள்.

ஒண்டிக்கட்டை (பகல் 12:31)
அந்த முறை "மருத்துவத் தொழில்" போன்ற சில தொழில்களுக்குத்தானே. கவுன்சலர் அதில் வருவாரா?

கணக்குப்பிள்ளை (பகல் 12:40)
வரும் என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள், பயந்து போடாதவர்களும் இருக்கிறார்கள்.

மலைக்கோட்டை (பகல் 12:52)
அதற்குத்தான் ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்பது. எம்.ஃபில் முடித்து, 1992 சட்டப்படி, மருத்துவ உளவியலாளர்களைப் பதியும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிந்தவன் நான். இப்போது ஆறு வார ஆன்லைன் கோர்ஸ் முடித்தவர்களெல்லாம் பலகை மாட்டிக்கொண்டு எழுத்து வேலை அதிகம் என்கிறார்கள்.

ஒண்டிக்கட்டை (பகல் 1:05)
வந்துவிட்டதா எம்.ஃபில்! இன்னும் காணோமே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இரண்டு வருடம் எம்.எஸ்சி. படித்தவள், ஆறு வாரம் அல்ல. துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021 ஆணையச் சட்டத்தின் பட்டியலில் கவுன்சலரும் இருக்கிறார், போய்ப் பாருங்கள். போன வருடக் கூட்டத்தில் என் எக்செல் அட்டவணையை "குழந்தை விளையாட்டு" என்றீர்கள். இரண்டு வாரம் கழித்து அதையே உங்கள் மாணவர்களுக்கு அனுப்பினீர்கள். என் பெயர் மட்டும் அதில் இல்லை.

மலைக்கோட்டை (பகல் 1:53)
கட்டம் போட்ட தாளுக்கு யாரும் காப்புரிமை கேட்பதில்லை. பேச்சை மாற்ற வேண்டாம். பத்து நிமிடம் சிகிச்சைக் கணக்கு.

ராத்திரி டைப்பிஸ்ட் (பகல் 2:25)
நோட்டுப் பெருமை பேசுகிறீர்களே, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவைச் சொல்லி ஒருவர் தன் பதிவேட்டைக் கேட்டால் என்ன கொடுப்பீர்கள்? அந்த நோட்டையா? உங்கள் கையெழுத்தை ஒருமுறை பார்த்திருக்கிறேன். மருந்துக்கடைக்காரரே கைகூப்பிவிடுவார்.

மலைக்கோட்டை (பகல் 2:54)
அந்தச் சட்டம் சொல்வது அடிப்படைப் பதிவேட்டை, என் மனக்குறிப்பை அல்ல. 23ஆம் பிரிவில் இரகசியம் என்றும் ஒன்று இருக்கிறது. கூகுள் ஷீட்டில் கிளையன்ட் பெயரும் போன் எண்ணும் போட்டு, அதே ஷீட்டை வீட்டுக்காரருடன் பகிர்ந்து வைத்திருப்பவர்கள் எனக்கு இரகசியம் சொல்லித்தர வேண்டாம். என் கையெழுத்து என் கிளையன்டுக்குப் புரியும்.

ராத்திரி டைப்பிஸ்ட் (பகல் 3:02)
வீட்டுக்காரருடன் பகிர்ந்தேன் என்று யார் சொன்னது? நான் பெயரே போடுவதில்லை, ஆளுக்கொரு குறியீட்டு எண்தான். பெயரும் எண்ணும் சேர்ந்த தாள் தனியாகப் பூட்டில் இருக்கிறது. பீரோ உங்களிடம் மட்டும்தான் இருக்கிறதா?

புதுசு (பகல் 3:20)
நான் இப்போதுதான் மதுரையில் அறை பார்த்திருக்கிறேன். அப்பாயின்ட்மென்ட் போட ஒரு பகுதி நேர ஆள் வைக்கலாமா என்று யாராவது சொல்வீர்களா? அல்லது எதை "எழுத்து வேலை" என்கிறீர்கள் என்றாவது?

மலைக்கோட்டை (பகல் 3:53)
தம்பி, முதலில் பத்து நிமிடத்தைக் கற்றுக்கொள். ஆள் வைப்பதெல்லாம் அப்புறம்.

ஒண்டிக்கட்டை (பகல் 4:06)
ஐயா, ஒன்று கவனித்தேன். இன்றைய உங்கள் பதிவுகள்: 10:53, 11:54, 12:52, 1:53, 2:54, 3:53. எல்லாமே அந்தப் புனிதமான பத்து நிமிடத்துக்குள். சிகிச்சைக் கணக்கு என்றீர்களே, குறிப்பை யார் எழுதினார்கள்?

மலைக்கோட்டை (பகல் 4:55)
எனக்கு ஞாபகசக்தி உண்டு. ராத்திரி எழுதிக்கொள்வேன்.

ராத்திரி டைப்பிஸ்ட் (பகல் 4:57)
ராத்திரி!!!

மலைக்கோட்டை (மாலை 5:52)
இன்று ஒரு நாள் மட்டும்தான். அதுவும் சிகிச்சைக் கணக்குதான்.